வெள்ளியைத் தெரிந்து கொடுப்போம்



கவசம், திருவாசி, வேல், பூசைப் பாத்திரம் என்று வெள்ளித் திருப்பணிக்கு உதவ முன்வரும் அன்பர்கள் எங்கள் குழுவினரிடம் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ வேண்டும்?" என்பதுதான். "எந்த வெள்ளி வேண்டும்?" என்று கேட்பவர் மிகக் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற பழக்கத்தால், அந்த இரண்டாவது கேள்வியை இங்கே சற்று விளக்க விரும்புகிறேன். வீட்டுக்குக் கொலுசும் மோதிரமும் வாங்குவோருக்கும் இது பயன்படும்.

வெள்ளியும் செம்பும்

999 என்று முத்திரையிட்ட வெள்ளி, ஆயிரம் பங்கில் 999 பங்கு தூயது. அது மிகவும் மென்மையானது. அதில் செய்த மோதிரம் சில நாளில் வளைந்துவிடும். எனவேதான் செம்பைக் கலந்து உறுதியாக்குகிறார்கள். 925 என்னும் ஸ்டெர்லிங் வெள்ளியில் ஒரு கிலோவுக்கு 925 கிராம் வெள்ளி. மீதி 75 கிராம் பெரும்பாலும் செம்புதான்.

ஆனால் அந்தச் செம்பே இரண்டு தொல்லைகளையும் கொண்டுவருகிறது. ஒன்று, காற்றில் உள்ள கந்தகத்தால் வெள்ளி கறுப்பது விரைவாகிறது. மற்றொன்று, பற்றவைக்கும் சூட்டில் செம்பு உயிர்வாயுவோடு சேர்ந்து, மேற்பரப்பின் உள்ளேயே ஊதா நிறக் கறையாகப் படிகிறது. அதை அராவி எடுத்தால் நுணுக்கமான வேலைப்பாடும் சேர்ந்து தேய்ந்துபோகும்.

புதிய கலவை

இதற்கு ஒரு தீர்வு 1990களில் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஜோன்ஸ் என்பவரின் ஆய்வில் பிறந்தது. செம்பில் ஒரு பகுதியைக் குறைத்து, ஜெர்மானியம் என்னும் தனிமத்தைச் சிறிதளவு சேர்த்தார். செம்புக்கு முன்பே ஜெர்மானியம் உயிர்வாயுவோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையாக மேலே நிற்கிறது. ஊதாக் கறை விழுவதில்லை. கறுப்பதும் வெகுவாகத் தாமதமாகிறது. ஆர்ஜென்டியம் என்ற பெயரில் 935, 960 ஆகிய தரங்களில் இது கிடைக்கிறது.

வேலை செய்யும் பத்தர் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். செந்நிறமாகக் காய்ந்திருக்கும்போது இந்த உலோகம் எளிதில் விரிசல் விடும். செந்நிறம் மறைந்த பிறகே இடுக்கியால் தொடவும் நீரில் அமிழ்த்தவும் வேண்டும். சாதாரண 925 துண்டுகளை இதோடு சேர்த்து உருக்கினால் அதன் சிறப்புக் குணம் கெட்டுவிடும்.

எதற்கு எது?

தகட்டை அரக்கின் மேல் வைத்து உருவங்களைத் தட்டி எழுப்பும் கவச வேலைக்குத் தூய வெள்ளியே ஏற்றது; மென்மைதான் அங்கே பலம். கொலுசு, மோதிரம், வளையல் போன்று அடிபடும் நகைகளுக்கு 925 அல்லது ஜெர்மானியக் கலவை பொருத்தம். "ஜெர்மன் சில்வர்" என்பதோ வேறு சரக்கு. அதில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் உண்டு. வெள்ளி மட்டும் இல்லை!

பழைய நகை, பழைய காசு

பாட்டியின் கொலுசை உருக்கிக் கவசத்தில் சேர்க்கச் சொல்வது அரிய பக்தி. ஆனால் பழைய நகையில் பற்றுப்பொடியும் கலந்திருக்கும். அப்படியே உருக்கினால் தரம் குறையும். தகடு தட்டும்போது வெடிக்கும். முறையாகச் சுத்திகரித்த பின்பே பயன்படுத்த வேண்டும். காசுகளும் ஒரே தரமல்ல. 1903இல் வெளிவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரில் 900 பங்கு வெள்ளி. 1919ஆம் ஆண்டு டாலரில் 500 பங்குதான்.

பழைய பற்றுப்பொடிகள் சிலவற்றில் காட்மியம் உண்டு. சூட்டில் எழும் அதன் புகை பத்தரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆண்டவனுக்குச் செய்யும் பணியில் ஓர் உழைப்பாளியின் உடல்நலம் கெடலாகாது. காட்மியம் இல்லாத பொடியையே பயன்படுத்தும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு ஒரு செய்தி: பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் இருக்கிறது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைத்த வெள்ளியில் கறுப்புக் கோடு விழுவது அதனால்தான். அபிஷேகத்துக்குப் பின் நன்னீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கறுத்த தட்டு, டம்ளர்களை அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால், கறுப்பு மீண்டும் வெள்ளியாகவே மாறும், தேய்மானம் இல்லை. கல் பதித்தவற்றுக்கும் மரத்தின் மேல் போர்த்திய தகட்டுக்கும் இம்முறை ஆகாது.

உபயக்காரர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வெள்ளி கொடுக்கும்போது எடையோடு தரத்தையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் இரண்டையும் சரிபாருங்கள். ஐயப்படுகிறோம் என்று எங்கள் குழுவினர் எவரும் வருந்தமாட்டார்கள். பொதுச் சொத்துக்குக் கணக்கு கேட்பதும் ஒரு திருத்தொண்டே.