சிகரெட் காசில் எழுந்த பள்ளிக்கூடம் தெரியுமா?

ஒரு பாக்கெட் சிகரெட், ஒரு கோப்பை காபி. இந்த இரண்டையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்துக்கே பள்ளிக்கூடம் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? பெர்லினில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் கூடப் படித்தவர்களிடம் அப்படித்தான் சொன்னார். அவர்களும் நம்பினார்கள்! இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு சேர்ந்தது தெரியுமா? சுமார் 50,000 டாலர்!

அந்த மாணவரின் பெயர் தியேபேதோ பிரான்சிஸ் கெரே. பள்ளிக்கூடம் எழுந்த ஊர் காண்டோ. மேற்கு ஆப்பிரிக்காவில், கடற்கரையே இல்லாத புர்கினா ஃபாசோ நாட்டில் இருக்கிறது. பள்ளி கட்டிய காலத்தில் அந்த ஊருக்கு மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. நாட்டின் பெயரே ஒரு ஆச்சரியம்தான். ‘புர்கினா’ ஒரு மொழியிலிருந்து வந்தது, ‘ஃபாசோ’ வேறொரு மொழியிலிருந்து வந்தது. இரண்டையும் சேர்த்தால் ‘நேர்மையான மனிதர்களின் நாடு’ என்று பொருள். 1984 வரை அதற்கு அப்பர் வோல்ட்டா என்று பெயர். ஒரு நதியை வைத்து வெள்ளைக்காரர்கள் சூட்டிய பெயர் அது.

கெரே 1965இல் பிறந்தவர். ஊர்த் தலைவரின் மூத்த மகன். அந்த ஊரிலிருந்து முதன்முதலில் பள்ளிக்குப் போன பிள்ளை அவர்தான். ஏன் அனுப்பினார்கள் தெரியுமா? தலைவருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான் காரணம்! காண்டோவில் அப்போது பள்ளியே இல்லாததால், 7 வயதுப் பிள்ளையை டென்கோடோகோ என்ற நகரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரே வகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், காற்றும் வெளிச்சமும் இல்லாத அறை, வெளியே கொளுத்தும் வெயில். அடுப்புக்குள் உட்கார்ந்து எழுத்துக் கற்றதைப் போல இருந்திருக்கும். ஒரு நாள் இதைவிட நல்ல வகுப்பறை கட்ட வேண்டும் என்ற நினைப்பு அந்தச் சிறுவனுக்கு அங்கேதான் வந்திருக்கிறது.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தக் கதை முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போதெல்லாம் அந்தப் பையன் வீடு வீடாகச் சென்று விடைபெற வேண்டும். அப்போது ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? தங்கள் துணி முடிச்சை அவிழ்த்து, உள்ளே பத்திரமாக வைத்திருந்த கடைசிக் காசை எடுத்து அவன் கையில் வைப்பார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்த பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இவர்கள் எல்லோரும் ஏன் எனக்குக் காசு தருகிறார்கள் என்று ஒரு நாள் பையன் அம்மாவிடம் கேட்டான். உன் படிப்புக்கு அவர்களுடைய பங்கு அது, நீ நன்றாகப் படித்துத் திரும்பி வந்து இந்த ஊருக்கு நல்லது செய்வாய் என்று நம்பித் தருகிறார்கள் என்றார் அம்மா.

பெர்லின் மாணவர்கள் சிகரெட் காசைக் கொடுப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இந்தப் பள்ளிக்கான முதல் நன்கொடை வசூலாகிவிட்டது. என் கணக்குப்படி, காண்டோ பள்ளியின் முதல் கொடையாளிகள் அந்தப் பெண்கள்தான்!

1985இல் தச்சுத் தொழில் கற்க உதவித்தொகை கிடைத்து கெரே ஜெர்மனிக்குப் போனார். பகலில் மரவேலை, மாலையில் பள்ளிப்படிப்பு. பத்து வருடம் இப்படியே ஓடியது. 1995இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தபோது அவருக்கு வயது முப்பது. 1998இல், இன்னும் மாணவராக இருக்கும்போதே, ஒரு சின்னச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் பெயருக்குத் தமிழில் ‘காண்டோவுக்குப் பள்ளிக்கூடச் செங்கல்கள்’ என்று பொருள் சொல்லலாம். எவ்வளவு நல்ல பெயர் பாருங்கள்! கல்வி வளர்ச்சி, ஆப்பிரிக்க முன்னேற்றம் என்று பெரிய சொற்களை அடுக்கியிருந்தால் ஒரு மாணவன் தன் காபிக் காசை நீட்டத் தயங்கியிருப்பான். ஒரு செங்கல் என்றால் அது அவனுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஜெர்மனியில் இப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும் தெரியுமா? ஏழு பேர்! அந்த நாட்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கூட்டம் நடத்தி, விதிமுறை எழுதி, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் சங்கம் தயார்.

பணம் சேர்ந்தது. கெரே ஊருக்கு வந்தார். ஜெர்மனியில் படித்த பிள்ளை பள்ளிக்கூடம் கட்டப்போகிறது என்று ஊரே பூரித்துப் போயிருந்தது. எதில் கட்டப்போகிறோம் என்று கேட்டார்கள். மண்ணில் என்றார். அத்தனை முகங்களும் வாடிவிட்டன!

மண் கட்டடம் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காதே, இதைக் கற்றுக்கொள்ளவா இவன் ஐரோப்பாவில் இவ்வளவு காலம் இருந்தான், எங்களோடு வயலில் வேலை செய்திருக்கலாமே என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவே முடியாது. மழைக்குக் கரையும் மண்சுவரை வருடா வருடம் பூசிப் பூசி வாழ்ந்தவர்கள். மண்ணின் பலவீனம் அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். மண்ணின் பலத்தைக் காட்ட வேண்டியது கெரேயின் பொறுப்பு.

எப்படிக் காட்டினார் தெரியுமா? ஊரில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காகிதத்தில் வரைபடம் காட்டி என்ன பயன்? தரையிலேயே கோடு கிழித்து, கட்டடம் எப்படி வரப்போகிறது என்று விளக்கினார். மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து, அச்சில் போட்டு அழுத்திக் கல் அறுத்தார்கள். சூளை கிடையாது, ஆகவே விறகும் வேண்டாம். வெயிலில் காயும் பச்சைக்கல்தான், ஆனால் சிமென்ட் சேர்ந்ததால் மழைக்குச் சட்டென்று கரையாது. இந்த வேலையைக் கற்றுக்கொடுக்க புர்கினா ஃபாசோ அரசு அமைப்பு ஒன்று கைகொடுத்தது.

அப்புறம் ஊரே திரண்டது! பெண்கள் தண்ணீர் சுமந்து வந்தார்கள். சின்னப் பிள்ளைகள் அஸ்திவாரத்துக்குக் கல் கொண்டுவந்து போட்டார்கள். யாருக்கும் ‘பயனாளி’ என்ற பட்டம் இல்லை. பெர்லினில் காசு கொடுத்த மாணவனும் காண்டோவில் கல் சுமந்த குழந்தையும் ஒரே வேலையில் பங்காளிகள்.

தரை போட்ட கதை தெரியுமா? அங்கே தரையைச் சமன்செய்யும் எந்திரம் எதுவும் கிடையாது. மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இளைஞர்கள் மணிக்கணக்கில் இடித்தார்கள். அடுத்து அவர்களுடைய தாய்மார்கள் வந்தார்கள். வரிசையாகக் குனிந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தட்டினார்கள். அதுவும் மணிக்கணக்கில்! கடைசியாகக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். தேய்த்து முடித்த தரை, கைக்குழந்தையின் உடம்பைப் போல வழவழப்பாக இருந்ததாம். வீட்டுத் திண்ணையைச் சாணம் போட்டு மெழுகத் தெரிந்த கைகளுக்குத்தான் அந்தப் பொறுமை புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது கூரை.

தகரக் கூரைக்குக் கீழே வெயில் காலத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உச்சி மண்டை பொரிந்துவிடும். புர்கினா ஃபாசோவில் கோடையில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். மழையிலிருந்து மண்சுவரைக் காக்கத் தகரம் வேண்டும், ஆனால் தகரம் பிள்ளைகளை வாட்டும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? கெரே கூரையை இரண்டாகப் பிரித்தார்! வகுப்பறைக்கு மேலே அதே மண்கல்லால் ஒரு உள்கூரை. அதற்கு மேலே, நன்றாக இடைவெளி விட்டு, கம்பிச் சட்டங்கள் தாங்கி நிற்கும் தகரக் கூரை. இரண்டுக்கும் நடுவில் காற்று தடையில்லாமல் ஓடும். தகரம் வாங்கும் சூட்டை அந்தக் காற்று வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். அறைக்குள் சூடாகும் காற்றும் மேலெழுந்து அதோடு போய்ச் சேரும். மின்விசிறி இல்லாமல், மின்சாரமே இல்லாமல் அறை குளிர்ச்சியாக இருக்கும்! தகரம் சுவரைத் தாண்டி நீண்ட தாழ்வாரம் போல இறங்குவதால் மழையும் சுவரில் அடிக்காது, வெயிலும் படாது.

இவ்வளவு பெரிய கூரையை ஏற்றி வைக்க கிரேன் வந்ததா? வரவில்லை. கான்கிரீட்டுக்குப் போடும் சாதாரணக் கம்பிதான் பொருள். அதைக் கைரம்பத்தால் அறுத்து, சின்ன வெல்டிங் மெஷினால் ஒட்டி, ஊர் ஆட்களே சட்டங்கள் செய்தார்கள். இரண்டு கருவிகளைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இதன் பலன் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. அந்தப் பகுதி இளைஞர்கள் பிழைப்புத் தேடி கானாவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் போவது காலங்காலமாக நடப்பது. இப்போது கையில் ஒரு தொழில் இருக்கிறது. இங்கே பயிற்சி பெற்றவர்களை உள்ளூர் அதிகாரிகள் அரசுக் கட்டட வேலைகளுக்கே எடுத்துக்கொள்ள முன்வந்தார்கள்.

2001இல் பள்ளி நிறைவடைந்தது. மூன்று வகுப்பறைகள், அவற்றுக்கு இடையில் நிழலான திறந்தவெளிகள். 2004இல் அந்தப் பள்ளிக்கு உலகப் புகழ்பெற்ற ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. கெரே தன் கட்டடக்கலைப் பட்டத்தை வாங்கியது எந்த வருடம் தெரியுமா? அதே 2004! மாணவராக இருந்தபோது கட்டிய கட்டடத்துக்கு, பட்டம் வாங்கிய வருடமே விருது!

தொடக்கத்தில் 120 பிள்ளைகள். பிறகு எண்ணிக்கை 700ஐ எட்டியது. சங்கம் மூச்சுவிட நேரமில்லாமல் அடுத்தடுத்து வேலை பார்த்தது. முதலில் எதைக் கட்டினார்கள் தெரியுமா? ஆசிரியர்களுக்கு வீடு! இதைக் கேட்டபோதுதான் இந்தச் சின்னச் சங்கத்துக்கு எவ்வளவு விவரம் தெரிந்திருக்கிறது என்று வியந்தேன். நகரத்தில் படித்த ஆசிரியர், தங்க இடமில்லாத குக்கிராமத்துக்கு எப்படி வருவார்? பள்ளிக் கட்டடம் இருந்து ஆசிரியர் இல்லாவிட்டால் அது வெறும் நிழற்குடை. சம்பளத்தை அரசுத் தரப்பே ஏற்றுக்கொண்டது. மாதா மாதம் சம்பளம் கொடுக்கும் சுமை தன்னார்வலர்களின் தலையில் விழுந்திருந்தால் சங்கம் எத்தனை வருடம் தாங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2008இல் பள்ளியை விரிவுபடுத்தினார்கள். இந்த முறை உள்கூரை வளைவாக, இடையிடையே காற்று போக இடைவெளியோடு.

பக்கத்து ஊர்க்காரர்கள் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டா இருந்தார்கள்? இரண்டு ஊர்கள் இதே முறையில், இதேபோல் ஊர் கூடி, தங்களுக்குத் தாங்களே பள்ளி கட்டிக்கொண்டன!

2022 மார்ச்சில் ஒரு செய்தி வந்தது. கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் விருது கெரேக்கு அறிவிக்கப்பட்டது. 1979இல் தொடங்கிய அந்த விருதை ஆப்பிரிக்கர் ஒருவர் பெற்றது அதுவே முதல் முறை. லண்டனில் கோடைக்கால மண்டபம், பெரிய நாடுகளில் பெரிய வேலைகள் என்று அவர் எங்கெங்கோ போய்விட்டார். ஆனால் அவரைப் பற்றி யார் எழுதினாலும் தொடங்கும் இடம் அந்த மூன்று வகுப்பறைகள்தான். 1998இல் தொடங்கிய சங்கமும் மறைந்துவிடவில்லை, கெரே ஃபவுண்டேஷன் என்று பெயர் மாறியிருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. பள்ளிக்கு ஒரு நூலகம் கட்டத் திட்டமிட்டார்கள். வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், கண்ணாடிக்குப் பணம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? உங்கள் வீட்டுப் பானைகளைக் கொண்டுவாருங்கள் என்று ஊரில் சொன்னார்கள். பெண்கள் மண்பானைகளைத் தலையில் வைத்து வரிசையாக வந்தார்கள். அவற்றின் வாயையும் அடியையும் அறுத்து, கூரை வார்க்கும்போது கான்கிரீட்டுக்கு நடுவே வரிசையாகப் பதித்தார்கள். கான்கிரீட் இறுகியதும் கூரை முழுக்க வட்ட வட்டமான துளைகள்! சூடான காற்று அவற்றின் வழியே மேலேறிவிடும். வெளிச்சம் கீழே இறங்கும். அண்ணாந்து பார்த்தால் தெரியும் ஒவ்வொரு வெளிச்ச வட்டமும், காண்டோவின் ஏதோ ஒரு வீட்டில் இருந்த பானை.