உலக்கையா, ஒனகெயா? வீரப்பெண் நினைவும் காட்சிப்பொருள் குறிப்பின் மொழியும்

மொழிபெயர்ப்பு வகைகளுள் அளவில் மிகச் சிறியது அருங்காட்சியகப் பொருள்களுக்கு எழுதப்படும் விளக்கக் குறிப்பாகும். இரண்டு அல்லது மூன்று வரிகளில் அது முடிந்துவிடும். பொருளின் பெயர், அதற்கு உரியவர் பெயர், காலம், கூறப்படும் செய்தியின் உறுதிப்பாடு ஆகிய நான்கும் அவ்வரிகளுக்குள் அடங்க வேண்டும். ஒரு சொல் பிறழ்ந்தால் அதைச் சரிசெய்ய அடுத்த பத்தி இல்லை. நூல் மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைக்கும் அடிக்குறிப்பு வசதியும் இங்கு இல்லை. இச்சிக்கலை ஆராய்வதற்குக் கருநாடகத்துச் சித்திரதுர்க்கத்தின் ஓபவ்வை பொருத்தமான எடுத்துக்காட்டு ஆவாள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சித்திரதுர்க்கக் கோட்டையை மதகரி நாயகன் ஆண்டான். ஐதர் அலியின் படைகள் அக்கோட்டையைப் பலமுறை தாக்கின. 1779-இல் அது வீழ்ந்தது. முற்றுகைக் காலத்தில் ஒரு நாள் கோட்டைக் காவலன் உணவு உண்ணச் சென்றிருந்தான்; அவனுடைய மனைவி ஓபவ்வை தண்ணீர் கொண்டுவரச் சென்றாள்; பாறைகளுக்கிடையில் இருந்த குறுகிய வழியில் எதிரிகள் ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்து வருவதைக் கண்டாள்; கையில் கிடைத்த உலக்கையால் வந்தவரை வந்த வரிசையில் அடித்து வீழ்த்தினாள். இது மக்கள் வழக்கில் உள்ள வரலாறு. 1972-இல் வெளிவந்த ‘நாகரகாவு’ என்னும் கன்னடத் திரைப்படம் இதனைக் கருநாடகம் முழுவதும் கொண்டுசென்றது. சித்திரதுர்க்கத்து விளையாட்டரங்கம் அவள் பெயரைத் தாங்கியுள்ளது. 2021-இல் கருநாடக அரசு நவம்பர் 11-ஆம் நாளை அவளுக்குரிய விழா நாளாக அறிவித்தது.

அரசியின் வாள், மன்னனின் முத்திரை ஆகியவை தம் உரியவரைத் தாமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். உலக்கைக்கு அவ்வியல்பு இல்லை. வீட்டுக்கு வீடு இருந்த பொருள் அது, மரத்தாலானது, தேய்ந்தால் மாற்றப்படுவது. எவரும் அதில் பெயர் பொறிப்பதில்லை. ஓர் உலக்கையை வேளாண் கருவிகளின் வரிசையிலும் வைக்கலாம், வீரச்சின்னங்களின் வரிசையிலும் வைக்கலாம். இரண்டையும் வேறுபடுத்துவது அருகில் உள்ள அட்டை மட்டுமே. எளிய குடிப்பெண் ஒருத்தியின் நினைவு அந்த அட்டையின் சொற்களையே பெரிதும் சார்ந்து நிற்கிறது என்பதால், அச்சொற்களை மொழிபெயர்ப்பவரின் பொறுப்பும் கூடுகிறது.

ஆவணங்கள் மிகுந்த ஒரு பெண்ணுக்கும் இச்சிக்கல் உண்டு என்பதை எசுப்பானிய எடுத்துக்காட்டு ஒன்று தெளிவாக்கும். 1808-இல் பிரெஞ்சுப் படை சரகோசா நகரை முற்றுகையிட்டபோது, போர்த்தில்யோ வாயிலில் பீரங்கி வீரர்கள் மடிந்த நிலையில், அகுசுத்தினா என்னும் பெண் பீரங்கிக்குத் தீயிட்டு எதிரிகளைத் தடுத்தாள். வீரர்க்கு உணவு கொண்டுசென்ற வேளையில் அது நிகழ்ந்தது என்று கதை கூறும். அவளுக்குப் படையில் பதவியும் ஊதியமும் வழங்கப்பட்டன. 1857-இல் செயுத்தாவில் இறந்தாள். அவளுடைய எச்சங்கள் இன்று சரகோசாவில், அதே போர்த்தில்யோ பெயர் கொண்ட கோயிலில் உள்ளன. இத்தனை உறுதி இருந்தும் அவளைக் குறிக்கும் பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எசுப்பானியர் ‘அரகோன் நாட்டு அகுசுத்தினா’ என்றனர். அவளோ கத்தலோனியக் குடும்பத்தினள். ஆங்கிலேயர் ‘சரகோசாவின் கன்னி’ என்று பொருள்படும் தொடரைப் பரப்பினர். அவளோ 1803-இலேயே மணமானவள். ஆங்கிலத் தொடரிலுள்ள சொல் இளம்பெண்ணையும் குறிக்கும், கன்னியையும் குறிக்கும். தமிழில் ‘கன்னி’ என்று பெயர்த்தால் ஒரு பொருள் மட்டுமே எஞ்சி, அதுவும் பிழையாகிவிடும். ‘மங்கை’ பொருந்தும். பருவப் பகுப்பில் அது பதின்மூன்று வயதை ஒட்டியதாயினும், மகளுக்குத் தாயான வேலு நாச்சியாரை ‘வீரமங்கை’ எனத் தயக்கமின்றி வழங்கும் இக்காலத் தமிழில் அவ்வரையறை நெகிழ்ந்துவிட்டது.

எசுப்பானியர் அவளுக்கு வழங்கிய மற்றொரு பெயர் ‘ஆர்த்தில்யேரா’. பீரங்கி வீரன் என்னும் ஆண்பாற் சொல்லின் ஈற்றை மாற்றிப் பெற்ற பெண்பால் வடிவம் அது. தமிழில் ‘-காரி’ சேர்த்துப் ‘பீரங்கிக்காரி’ என்றால் இலக்கணம் பிழைபடாது, மதிப்புக் குறைந்துவிடும். ஈறுகளுக்கு அகராதிப் பொருளோடு சமூக எடையும் உண்டு என்பதற்கு இது சான்று.

கோயா வரைந்த ‘போரின் பேரழிவுகள்’ செதுக்கோவிய வரிசையின் ஏழாம் ஓவியம் இந்நிகழ்ச்சியைக் காட்டுகிறது. அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1863-இல்தான் அவ்வரிசை வெளியிடப்பட்டது. பிணங்களின்மேல் நின்று பீரங்கிக்குத் தீயிடும் பெண்ணின் முதுகுப்புறமே ஓவியத்தில் தெரிகிறது, முகம் இல்லை. கீழே ‘என்ன வீரம்!’ என்னும் பொருளில் ஒரு தொடர் மட்டும் உண்டு, பெயர் இல்லை. பெயரைச் சேர்ப்பவர்கள் காண்போரும் குறிப்பெழுதுவோருமே. மொழிபெயர்ப்பில் ‘அகுசுத்தினாவின் வீரம்’ என்று தலைப்பிடுவோர் ஓவியர் விட்டுவைத்த இடத்தை நிரப்பிவிடுகின்றனர்.

மீண்டும் சித்திரதுர்க்கத்துக்கு வரலாம். கன்னடத்தில் அவள் ‘ஒனகெ ஓபவ்வ’. ஒனகெ என்பது உலக்கையே. தமிழ் உலக்கை, மலையாள உலக்க, கன்னட ஒலகெ, ஒனகெ ஆகியவற்றைப் பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி ஒரே பதிவில் வைக்கிறது. தமிழ் உகரத்துக்குக் கன்னடத்தில் ஒகரம் நிற்பது தற்செயலன்று. அடுத்த அசையில் அகரம் வருமிடத்துத் தென்திராவிடத்தில் இ-எ, உ-ஒ வேறுபாடு மறைந்ததையும், பின்னர் இலக்கியத் தமிழ் இகர உகரங்களையும் கன்னடம் எகர ஒகரங்களையும் மேற்கொண்டதையும் பத்ரிராஜு கிருட்டிணமூர்த்தி 1958-இல் விரிவாக ஆராய்ந்தார். இலை-எலெ, உடை-ஒடெ, புகை-ஹொகெ என்பன இவ்வகையின. சொல்லிறுதி ஐகாரம் கன்னடத்தில் எகரமாவதும் இவற்றிலேயே காணப்படும்.

சொற்கள் ஒன்றே என்பதால் ‘உலக்கை ஓபவ்வை’ என்று பெயர்த்துவிடலாம் என்று தோன்றும். ஒலியியல் இதற்கு இடம் தந்தாலும் வழக்கு தடுக்கிறது. தமிழில் உலக்கை என்னும் சொல் நெடிய மரபுடையது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் வள்ளைப் பாட்டாகவே அது ஒலிக்கிறது. பலராமனின் படைக்கலங்களுள் ஒன்றாகவும் அறியப்படுகிறது. பூப்பெய்திய பெண்ணின் அருகே காப்பாக அதனை வைக்கும் பழக்கம் தமிழகத்தின் பல பகுதிகளில் இருந்தது. ஆயினும் ஒரு மனிதரைச் சுட்டும்போது அச்சொல் வேறு நிறம் பெறுகிறது. ‘உலக்கைக் கொழுந்து’ என்பது அறிவற்றவனைக் குறிக்கும் வசை. எனவே பெயருக்கு முன் உலக்கையை வைத்தால், வாசிப்பவர் உதட்டில் சிறு முறுவல் தோன்ற இடமுண்டு. கன்னடப் பெயரடையில் அந்த ஏளனம் இல்லை.

பெங்களூரின் வடகிழக்கில் உள்ள லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு கன்னடத்தையும் அன்றாடம் பயன்படுத்துவோர்க்கு இச்சிக்கல் எழுவதில்லை. அவ்விருமொழியாளருக்கு ‘ஒனகெ’ பெயரின் பகுதி. ‘உலக்கை’ வீட்டுப் பொருள். இரண்டும் மனத்தில் தனித்தனிப் பதிவுகளாக இருக்கின்றன. மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ கோட்டையைக் காண வருபவருக்கோ ‘ஒனகெ’ பொருளற்ற ஓர் ஒலித்தொடர். ஓபவ்வையின் வீட்டுப்பெயர் என்றுகூட அவர் எண்ணக்கூடும். மேலும், தமிழெழுத்தில் ‘ஒனகெ’ என்று எழுதினால் இடையிலுள்ள ககரம் ஒலிப்புடையதாகவே படிக்கப்படும். ‘ஒனக்கெ’ என்றால் மெய் இரட்டித்துவிடும். கன்னடத்தின் வல்லொலி இரண்டிலும் அகப்படாது. ஆகவே பெயரில் ஒனகெயை நிறுத்தி, அடுத்த தொடரிலேயே உலக்கை என்னும் சொல்லைப் பொருளுக்குப் பெயராகத் தருவது தக்கது. இருவகை வாசகருக்கும் அது உதவும்.

இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. கோட்டையில் அந்நிகழ்ச்சி நடந்ததாகக் காட்டப்படும் பாறையிடுக்குக்குக் கன்னடத்தில் ‘ஓபவ்வன கிண்டி’ என்பது பெயர். கன்னடக் கிண்டி சிறு திறப்பு, துளை, சாளரம் ஆகியவற்றைக் குறிக்கும். உடுப்பிக் கிருட்டிணன் கோயிலில் உள்ள ‘கனகன கிண்டி’யும் அத்தகையதே. தமிழில் கிண்டி என்பது மூக்குடைய நீர்க்கலம். ஒலிபெயர்ப்பில் ‘ஓபவ்வையின் கிண்டி’ என்று எழுதப்பட்டால், அவள் தண்ணீர் கொண்டுவரச் சென்ற செய்தியோடு அது எளிதில் பொருந்திக்கொள்ளும். இல்லாத கலம் ஒன்று வரலாற்றில் நுழைந்துவிடும். வாசகர் கண்ணாடிப் பேழைக்குள் அதைத் தேடவும் கூடும். பிழை பொருத்தமாக அமையும்போது அதைக் கண்டுபிடிப்பது அரிது. தமிழில் ‘திட்டிவாசல்’ என்றால் கதவுள்ள சிறுவாயில் என்று பொருள்படும்; ‘புழை’ நல்ல பழஞ்சொல்லாயினும் பொதுமக்களுக்கு எளிதன்று. ‘பாறையிடுக்கு’ என்பதே இடத்தின் அமைப்பையும் செய்தியையும் ஒருங்கே காட்டும்.

எஞ்சியிருப்பது உறுதிப்பாட்டுச் சிக்கல். ‘ஓபவ்வையின் உலக்கை’ என்னும் தொடரில் ஆறாம் வேற்றுமை உருபு உடைமையை ஐயமின்றி நிறுவிவிடுகிறது. ‘ஓபவ்வை பயன்படுத்தியதாகக் கூறப்படும் உலக்கை’ என்றால், இக்காலச் செய்தித்தாள் நடையில் பழகிய வாசகருக்கு ஐயமே முதலில் தோன்றும். பேச்சுத் தமிழில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி உள்ளது. ‘அடிச்சாளாம்’ என்பதிலுள்ள ‘ஆம்’ பிறர்கூற்றைக் குறிக்கும். கன்னடத்தில் ‘அந்தெ’, தெலுங்கில் ‘அட’ ஆகியவை இதே பணியைச் செய்கின்றன. கூறுபவர் நேரில் காணவில்லை என்பதை மட்டும் இவை தெரிவிக்கும். செய்தி பொய் என்று அவை சொல்லுவதில்லை. பாட்டி பேரனுக்கு ஓபவ்வை கதையை ‘ஆம்’ சேர்த்துச் சொல்லும்போது அவளுடைய நம்பிக்கை குறைவதில்லை. எழுத்து நடையில் ‘ஆம்’ உறுதிப்பொருளிலும் வருவதால் அட்டையில் அது மயக்கம் தரும்.

ஆயினும் எழுத்துத் தமிழுக்கு இது புதிய தேவையன்று. தொல்காப்பியர் முன்னோர் கருத்தை ‘என்ப’ என்று சுட்டும்போது பிறர்கூற்று என்பதே அக்கருத்துக்கு வலுவாகிறது. சொன்னவர் யார் என்பது வெளிப்பட்டால் பிறர்கூற்று ஐயமாகத் தாழ்வதில்லை. ‘கூறப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வடிவம் அந்தச் சொன்னவரையே மறைத்துவிடுகிறது. அட்டையில் பின்வருமாறு அமைக்கலாம்:

ஒனகெ ஓபவ்வை. கோட்டைக் காவலனின் மனைவி. பதினெட்டாம் நூற்றாண்டு முற்றுகையின்போது பாறையிடுக்கின் வழியாக வந்த ஐதர் அலியின் வீரர்களை உலக்கையால் வீழ்த்தினாள் என்பர் சித்திரதுர்க்கத்தார். இங்குள்ளது அப்பகுதியில் வழங்கிய உலக்கை வகை.

கடைசித் தொடர் உண்மையான பழம்பொருள் இல்லாத காட்சிக்கு மட்டுமே உரியது. கன்னட மூலத்தில் வேற்றுமை உருபு மட்டும் இருந்து, பொருளின் வரலாறு பதிவேட்டில் இல்லையாயின், மொழிபெயர்ப்பாளர் தாமாக அதனைத் திருத்தலாகாது. அருங்காட்சியகத்தாரிடம் கேட்டு, கன்னடக் குறிப்பையும் தமிழ்க் குறிப்பையும் ஒருங்கே மாற்றச் செய்ய வேண்டும். இல்லையேல் ஒரே பேழையின் முன் நிற்கும் லிங்கராஜபுரத்து இருமொழியாளர் இரண்டு அட்டைகளில் இரண்டு செய்திகளைப் படிப்பார்.