சேற்றுழவு நெல்லுக்குச் சரி, அடுத்த பயிருக்கு?

வாணியாறு பாசனத்தில் நெல் அறுத்த வயலில் உளுந்தோ நிலக்கடலையோ போட்டு, வளர்ச்சி இல்லை என்று விதையைக் குறை சொல்லும் முன், ஈரம் இருக்கும்போதே ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். ஒரு சாணுக்குள் கம்பி நின்றுவிட்டால் கோளாறு பெரும்பாலும் மண்ணில்தான்.

சேறு கலக்கும்போது மண்கட்டிகள் கரைந்து, காற்றும் நீரும் போகும் பெருந்துளைகள் அடைபடுகின்றன. தண்ணீர் நிற்காத நம் செம்மண்ணில் நெல்லுக்கு இது வேண்டியதே. நீர்க்கசிவும் அதோடு போகும் தழைச்சத்தும் குறையும், களை அடங்கும். நெல் வேருக்குத் தண்டு வழியே காற்று இறங்கிவிடுகிறது. உளுந்துக்கும் கடலைக்கும் அந்த வசதி கிடையாது. காய்ந்த சேறு மேலே கட்டியாகும், அடியில் தட்டாக இறுகும். வேர் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

சேறு வெண்ணெய்போல் ஆகும்வரை ரோட்டவேட்டர் ஓட்டுவது டீசலுக்குக் கேடு. மணல் கலந்த செம்மண்ணில் பெரும்பாலும் கேஜ் வீல் இரண்டு சால் போதும். மீதி நேரத்தைப் பரம்படித்துச் சமப்படுத்துவதில் செலவிடுங்கள்.

நெல் அறுத்தபின் பதம் பார்த்து உழுங்கள். தட்டு இறுகிய வயலில், கோடையில் மண் காய்ந்திருக்கும்போது, மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் 40 செ.மீ. ஆழத்துக்கு நெடுக்கும் குறுக்கும் ஓட்டி, ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் இடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

ஆண்டு முழுக்க நெல்லே போடுபவர்கள் மட்டும் உளிக்கலப்பை பக்கம் போக வேண்டாம். தட்டு உடைந்தால் தண்ணீர் நிற்காது.