எலும்பு சிமென்ட்டில் உப்புக்கு என்ன வேலை?

ஆறுமுகநேரிப் பக்கம் உப்பு என்றால் அளம், பாத்தி, லாரி லோடு. ஆபரேஷன் தியேட்டரில் அதற்கு என்ன வேலை என்று கேட்டால் சலைன் பாட்டிலைக் காட்டுவார்கள். ஆய்வகங்களில் இன்னொரு வேலையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்: எலும்பு சிமென்ட்டில் ஓட்டை போடுவது.

செயற்கை மூட்டை எலும்போடு பிடித்துவைக்கும் இது பெயரளவில்தான் சிமென்ட். பல்செட் செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் இனம். 40 கிராம் பொடியில் நெடியடிக்கும் திரவத்தை ஊற்றிக் கிளறினால் சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வந்து, சற்று நேரத்தில் கல்லாகிவிடும். இறுகும்போது சூடு கிளம்பும். அதனால் கிருமியைக் கொல்லக் கலக்கும் மருந்துகளில் சூடு தாங்கும் ஜென்டாமைசின், டோப்ராமைசின், வான்கோமைசின் போன்றவைதான் இதில் சேரும். ஜெர்மனியின் புக்ஹோல்ட்ஸும் எங்கல்பிரெக்டும் இந்தக் கலவையைப் பற்றி 1970இல் எழுதினார்கள்.

உலோக மூட்டின் மேல் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டால், ஊசி வழியே ஏற்றும் மருந்து அதைச் சுலபமாக அசைக்காது. பக்கத்திலேயே மருந்து கசிய வேண்டும். ஆனால் பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் எளிதில் புகாதே! மேற்பரப்பில் உள்ள துகள்கள் முதல் சில நாளில் கரைந்துவிடும். உள்ளே இருப்பது உள்ளேயேதான். போட்டதில் பத்தில் ஒரு பங்குகூட வெளிவராததே பெரும்பாலும் நடப்பது. அதன்பின் கசியும் சொற்ப மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும் அபாயமும் உண்டு.

இங்கேதான் உப்பு நுழைகிறது. பொடித்த உப்பையோ கிளைசின், சைலிட்டால் போன்ற கரையும் பொடியையோ சேர்த்தால், உடல் நீர் பட்டு அது கரைந்து இடத்தைக் காலிசெய்யும். அந்தத் துளை வழியே நீர் போய் அடுத்த மருந்துத் துகளைத் தொடும். வான்கோமைசினையும் டோப்ராமைசினையும் சேர்த்துப் போட்டாலும் ஒன்று விட்டுப்போன வழியில் மற்றது வரும்.

துளை கூடினால் பலம் போகும். இறுகிய சிமென்ட் குறைந்தது 70 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். ஆயுள் முழுக்க உடம்பைச் சுமக்கும் மூட்டென்றால் 40 கிராமுக்கு ஒரு கிராம் மருந்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அங்கே உப்பைப் போடுவது வீண் வம்பு என்பேன்.

சீழ் பிடித்த மூட்டைக் கழற்றிவிட்டுத் தற்காலிகமாக வைக்கும் ஸ்பேசர் வேறு ஜாதி. சில வாரங்களில் எடுத்துவிடுவதுதானே. சிறுநீரகத்தின் மேல் ஒரு கண் வைத்தபடி நாலு கிராம் மருந்துகூடக் கலப்பார்கள். குமிழியும் மருந்து கசிய வழிதான் என்பதால், காற்றை உறிஞ்சி அதை நீக்கும் வெற்றிடக் கலவை இங்கே வேண்டாம். கிண்ணத்தில் கையால் கிளறினால் போதும், மருந்துக் கட்டி முழுக்க உடையாவிட்டாலும் நல்லதே.