பேட்டின் எலும்பும் முட்டைக் கோதும்

வளர்ந்த கோழி ஒன்றைக் கறிக்கு எடுக்கும்போது, தோளோடு பொருந்தியிருக்கும் செட்டை எலும்பையும் தொடை எலும்பையும் முறித்து அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதன் உள்ளே வெற்றிடம். பின்னதன் உள்ளே மச்சை. ஒன்று பறப்பதற்கென அமைந்தது, மற்றது நடப்பதற்கென.

வெற்றிடம் என்பதால் பலவீனம் என்று எண்ணிவிடக்கூடாது. அந்தக் குழாயின் உட்புறத்தில் மெல்லிய எலும்பு நார்கள் குறுக்கே நின்று முட்டுக்கொடுக்கின்றன. உட்கூடான மூங்கில் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது கொட்டில் போட்டவர்களுக்குத் தெரியும். எலி, வௌவால் முதலியவற்றோடு 2010இல் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, எலும்புப் பொருளின் செறிவு பறவையிலேயே கூடுதலாகக் காணப்பட்டது.

செட்டை எலும்பின் வெற்றிடம் கோழியின் காற்றுப்பைகளோடு தொடர்புடையது. மூச்சுக்குழாயை அடைத்தாலும் வெட்டப்பட்ட செட்டை எலும்பின் வழியே கோழி சுவாசிப்பதை ஜோன் ஹன்டர் என்னும் சத்திரசிகிச்சையாளர் லண்டனில் 1774இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்தார். (கொடூரமான பரிசோதனைதான்.) ஆகவே நாய் கடித்து மேற்செட்டை எலும்பு வெளியே தெரியும்படி முறிந்திருந்தால், அதனுள் தண்ணீரோ மருந்தோ ஊற்றக்கூடாது. அது நேரே காற்றுப்பைக்குள் இறங்கிவிடும்.

காலில் பின்பக்கம் மடிவதாக நாம் காணும் மூட்டு முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள் மறைந்திருக்கிறது. கோழி விரல்களை ஊன்றியே நடக்கிறது.

இனி, பேடு வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய விடயத்துக்கு வருவோம். முட்டையிடத் தொடங்க ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன்னர், பேட்டின் கால் எலும்புகளுக்குள் புதிதாக ஒருவகை எலும்பு வளர்கிறது. சேவலில் இது இல்லை. இது கல்சியச் சேமிப்பு. ஒரு கோதுக்கு ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் வேண்டும். கோது உருவாக 20 மணித்தியாலம் வரை செல்லும். அதில் பெரும்பகுதி பேடு இரை தின்னாத இரவு நேரம். அப்போது சேமிப்பிலிருந்து எடுக்கிறது, பகலில் இரையிலிருந்து திருப்பி நிரப்புகிறது.

தவிடும் மிஞ்சிய சோறும் மட்டும் கிடைத்தால் எதைக் கொண்டு நிரப்பும்? தவிட்டில் கல்சியம் மிகக் குறைவு. பேடோ முட்டையை உடனே நிறுத்துவதில்லை. பாரம் தாங்கும் எலும்பையே கரைக்கத் தொடங்குகிறது. முதலில் கோது மெலியும், பிறகு கால் தள்ளாடும், ஒருநாள் எழும்பாது. இரண்டு மூன்று பேடுகளோடு மறுபடியும் தொடங்கும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பல்ல. தொற்றுநோய் என்று அஞ்சி அதை உடனே வெட்டிவிடுவோரும் உண்டு.

மட்டி, சிப்பி ஓடுகளையோ முட்டைக் கோதுகளையோ அடுப்பில் நன்றாக வறுத்து, அரிசிக் குறுணல் அளவுக்கு இடித்து, தனிச் சிரட்டையில் மாலையில் வையுங்கள். தூளாக்க வேண்டாம். குறுணலாக இருந்தால் வயிற்றில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரையும். வேண்டிய அளவைப் பேடு தானே பொறுக்கிக்கொள்ளும். குஞ்சுகளின் இரையில் கலக்காதீர்கள். மிகையான கல்சியம் அவற்றின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கல்சியம் உடலில் சேர விற்றமின் டி தேவை என்பதால், நாள் முழுவதும் கூடைக்குள் மூடி வைக்காமல் வெயிலில் மேயவிடுங்கள்.

ஏற்கெனவே விழுந்துவிட்ட பேட்டைத் தனியே எடுத்து, இரை, தண்ணீர், சிப்பிக் குறுணல் மூன்றையும் அலகுக்கு எட்டும்படி வையுங்கள். எலும்பு முறியாதிருந்தால் சில நாட்களில் எழும்பி நடப்பதுண்டு.