கிரேனில் உங்கள் கண் எங்கே போகிறது?

பண்டமாரானிலிருந்து கிள்ளான் துறைமுகம் பக்கம் போனால், கப்பல்களிலிருந்து கொள்கலன்களை இறக்கும் ராட்சத கிரேன்களைப் பார்க்கலாம். "எஸ்.பி.எம். முடிந்ததும் இன்ஜினியரிங்தான் டீச்சர்" என்று சொல்லும் மாணவர்களிடம், எந்த இன்ஜினியரிங் என்று நான் கேட்பதில்லை. அந்தக் கிரேனில் உன் கண் எங்கே போகிறது என்றுதான் கேட்பேன்.

சிலருக்குக் கொள்கலன் ஆடுவது தெரியும். ஆய்வுக்கூடத்தில் நூலில் குண்டு கட்டி ஆட்டினோமே, அதே ஊசல்தான். 25 மீட்டர் கயிற்றில் தொங்கினால் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 10 வினாடி ஆகும். கொள்கலன் காலியோ நிறைவோ, அந்த நேரம் மாறாது. கயிற்றின் நீளம்தான் கணக்கு. ஆட்டம் தானாக நிற்கட்டும் என்று காத்திருக்க முடியுமா? அதற்கு ஒரு தந்திரம் உண்டு. மேலே ஓடும் வண்டி சீராக வேகம் கூட்டிக்கொண்டே சரியாக 10 வினாடி போய், பிறகு அதே வேகத்தில் ஓடினால், ஏட்டுக் கணக்குப்படி கொள்கலன் ஆடாமல் நேராகத் தொங்கியபடி கூடவே வரும். காற்றடிக்கும் நிஜத் துறைமுகத்தில் இதைச் சரிக்கட்டுவது கணினியின் வேலை. இதைப் படிக்கும்போதே நூலைத் தேடுகிறீர்களா? மெக்கட்ரோனிக்ஸ், கட்டுப்பாட்டுப் பொறியியல் பக்கம் பாருங்கள்.

பாரத்தை இறக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரிக்க முடியும் என்றதும் நிமிர்ந்து உட்காருபவருக்கு மின்னியல். ஆயிரமாயிரம் முறை தூக்கிய இரும்பில் விரிசல் எங்கே விழும் என்று யோசிப்பவருக்கு இயந்திரவியல். கிள்ளான் கடலோர மண் மென்மையான களிமண். அதில் இத்தனை எடை எப்படிப் புதையாமல் நிற்கிறது என்பவர் கட்டுமானப் பொறியியலுக்கு உரியவர். எந்தக் கொள்கலனை முதலில் இறக்குவது என்று வரிசை போடுபவருக்குத் தொழிலகப் பொறியியல் இருக்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை.

என் மாணவர் ஒருவர் கார் படம் அற்புதமாக வரைவார். அதனால் இயந்திரவியல் எடுத்தார். முதலாண்டு முழுக்கக் கணிதமும் வெப்ப இயக்கவியலும். பாதியில் விட்டுவிட்டார். அவர் தேடியது தொழில்துறை வடிவமைப்பு. அதைச் சொல்ல எனக்கும் அப்போது தோன்றவில்லை.

இனி வருவதைப் பெற்றோரோடு படியுங்கள். 'பொறியியல்' பட்டமும் 'பொறியியல் தொழில்நுட்பம்' பட்டமும் ஒன்றல்ல. முன்னது வடிவமைப்புக் கோட்பாடும் கணிதமும் மிகுந்தது. பின்னது செயல்முறை மிகுந்தது. கைவேலையில் கெட்டிக்காரருக்குப் பின்னதே பொருத்தம், அது மட்டமும் இல்லை. ஆனால் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிய விரும்பினால், அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் தேவை. மலேசியா 2009இல் வாஷிங்டன் உடன்பாட்டில் முழு உறுப்பினரானதால், அப்படிப்பட்ட பட்டத்துக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்புண்டு.

கல்விக் கண்காட்சியில் பை, பேனா வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்புக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் எந்த ஆண்டு வரை? முதல் இரண்டாண்டுப் பாடங்களின் பட்டியல் எங்கே?