மறைத்த பாவம், ஆறாத காயம்



அமெரிக்க நாவலாசிரியர் நத்தானியேல் ஹாதோர்ன் (1804-1864) பிறந்த ஊர் சேலம். 1692இல் அங்கே பலர்மீது சூனியக்காரர்கள் என்று பழிசுமத்தி விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் அவருடைய மூதாதையர். பாவத்தைத் தண்டிக்கிறவர்களின் பாவம் என்ன என்ற கேள்வி அவர் கதைகளில் மீண்டும் மீண்டும் எழுகிறது.

1850இல் வெளிவந்த 'ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் களம், 17ஆம் நூற்றாண்டு பாஸ்டன். கணவர் உடனில்லாத காலத்தில் ஹெஸ்டர் ஒரு குழந்தைக்குத் தாயாகிறார். விபசாரத்தைக் குறிக்கும் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை நெஞ்சில் அணிய வேண்டும் என்பது தீர்ப்பு. குழந்தையின் தந்தை டிம்ஸ்டேல், ஊரே போற்றும் இளம் போதகர். அவர் வாய் திறக்கவில்லை.

இது விபசாரத்தைப் பற்றிய கதை அன்று. அந்தப் பாவம் கதை தொடங்கும் முன்பே நடந்துவிட்டது. பாவத்தைச் சுமக்கும் விதத்தைத்தான் ஆசிரியர் ஆராய்கிறார். ஹெஸ்டர் வெளிப்படையாகச் சுமக்கிறார். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் உதவுகிறார். காலப்போக்கில் மக்கள் அந்த எழுத்துக்கு 'ஆற்றல் உள்ளவர்' என்று வேறு பொருள் காண்கிறார்கள். டிம்ஸ்டேலோ மறைத்துச் சுமந்து, ஏழு ஆண்டுகள் உருக்குலைகிறார். "நான் பெரும்பாவி" என்று மறையுரையில் பொதுவாகச் சொல்கிறார். மக்களோ அவரைப் புனிதர் என்று இன்னும் அதிகமாகப் போற்றுகிறார்கள். பொதுவாகச் சொன்ன அறிக்கையே அவருக்கு முகமூடி ஆகிவிடுகிறது.

மூன்றாமவர் ஹெஸ்டரின் கணவர் சில்லிங்வொர்த். மருத்துவராக நெருங்கி, பழிவாங்குவதற்காகவே போதகரின் உள்ளத்தைத் துருவுகிறார். மூவரில் கொடியவர் இவரே என்பது நாவலின் தீர்ப்பு.

1860இல் வந்த 'மார்பிள் ஃபான்' நாவலில், தான் கண்ட கொலையை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கும் ஹில்டா, உரோமையில் தூய பேதுரு பேராலயத்தின் ஒப்புரவுத் தொட்டியில் மனம் திறந்து ஆறுதல் அடைகிறார். அவர் கத்தோலிக்கர் அல்லர்; ஹாதோர்னும் அல்லர். எனினும் பாஸ்டனின் தண்டனை மேடை தராத ஒன்றை அந்தச் சிறு இருக்கை தந்ததை அவர் எழுதினார்.

ஊர் கூடி வெட்கப்படுத்துவது ஒப்புரவு ஆகாது. பிறர் மனத்தைத் துருவுவதும் அக்கறை ஆகாது. பிறர் உள்ளத்தைக் கேட்கும் குருவாகிய எனக்குச் சில்லிங்வொர்த் ஓர் எச்சரிக்கை. "நான் பாவி" என்று பொதுவாகச் சொல்லி எழுந்துவிடும் நம் எல்லாருக்கும் டிம்ஸ்டேல் ஓர் எச்சரிக்கை.

நம் காயத்தைப் பெயர் சொல்லிக் காட்டுகிறோமா? சிந்திப்போம்.